அமுக்குவான் வந்த இரவு: உறங்கும்போது உடலைப் பூட்டி வைப்பது எது?

கடைமடை (திருத்துறைப்பூண்டி வட்டம்)

எழுதுவதா வேண்டாமா என்று நான்கு நாட்கள் தயங்கிவிட்டு இந்த இழையைத் தொடங்கி எழுதுகிறேன். வயது 31. விவசாயம். குடிப்பழக்கம் கிடையாது, எந்த மாத்திரையும் சாப்பிடுவதில்லை.

மேட்டூரை ஜூன் 12-இல் திறந்தாலும், கல்லணை தாண்டி வெண்ணாற்றில் இறங்கி எங்கள் வாய்க்காலைத் தண்ணீர் எட்டுவதற்குள் மேல்மடைக்காரர்கள் நாற்று விட்டு முடித்திருப்பார்கள். வந்த தண்ணீரையும் முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். எங்கள் முறை இரவு 1 மணிக்கு. மடையை வெட்டிவிட்டு வரப்பில் உட்கார்ந்து காவல் காத்து, 4 மணிக்கு அடைத்துவிட்டு வந்து படுப்பேன். 7 மணிக்கெல்லாம் வெயில் எழுப்பிவிடும். இப்படி ஐந்து இரவுகள்.

ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போக முடியாத அசதி. மோட்டார் கொட்டகைத் திண்ணையிலேயே மல்லாந்து படுத்துவிட்டேன். விழிப்பு வந்தது. கொட்டகையின் ஓடு தெரிகிறது. சுவரில் சாய்த்து வைத்த மண்வெட்டி தெரிகிறது, அதன் இலையில் காயாத சேறு உட்பட. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தமும் கேட்கிறது. கையைத் தூக்கப் பார்க்கிறேன், வரவில்லை. கால்மாட்டில் ஒருவர் நிற்கிறார். முகம் இல்லை, கறுத்த உருவம் மட்டும். பிறகு நெஞ்சின் மேல் நெல் மூட்டையை இறக்கி வைத்ததுபோல் ஒரு பாரம். அம்மா என்று கத்துகிறேன், தொண்டையிலிருந்து காற்றுகூட வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எங்கோ நாய் குரைத்தது, எல்லாம் விட்டுப்போயிற்று.

அம்மா அன்றிரவே தலையணைக்கடியில் கதிர் அரிவாளை வைத்துவிட்டார்கள். அமுக்குவான்தான், அந்த வாய்க்காலில் ஒருவர் முழுகிப் போனது உனக்குத் தெரியாதா என்கிறார்கள். குணசீலத்துக்குக் கூட்டிப்போய்த் தங்க வைக்க வேண்டும் என்று பெரியம்மாவிடம் பேசிக்கொண்டிருந்ததையும் கேட்டேன். மனம் பேதலித்தவர்களை அங்கே கூட்டிப்போவார்கள் என்பது ஊருக்கே தெரியும். எனக்கு அப்படித்தான் ஆகிவிட்டதா? அன்றிலிருந்து படுக்கவே பயமாக இருக்கிறது.

அரசலாறு (கும்பகோணம்)

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மனத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் 14 ஆண்டுகளாகச் செவிலியர். தொடர்ந்து இரவுப் பணி பார்த்துவிட்டு வந்து பகலில் படுக்கும் வாரங்களில் எனக்கும் இதே அனுபவம் வரும். எனக்கு உருவம் நிற்பது கதவருகில். எங்கள் பணியறையில் பேச்சு எடுத்தபோது ஏழு பேரில் மூன்று பேர் எனக்கும் உண்டு என்றார்கள். அதுவரை ஒருவரும் வாய் திறந்ததில்லை.

இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். போதுமான நேரம் தூங்கிய நாட்களிலும் பகலில் அடக்க முடியாமல் தூக்கம் தள்ளுகிறதா? வயிறு குலுங்கச் சிரிக்கும்போது முழங்காலோ தாடையோ திடீரென்று தொய்ந்து போகிறதா? இரண்டும் இல்லையென்றால் அவசரப்பட ஒன்றுமில்லை. இருந்தால், மருத்துவரிடம் காட்ட வேண்டிய வேறு ஒரு உறக்க நோய் இருக்கிறது.

கடைமடை

இரண்டும் இல்லை அக்கா. எனக்கு மட்டும் இல்லை என்று தெரிந்ததே பாதி பாரம் இறங்கியதுபோல் இருக்கிறது.

புதுஆறு (தஞ்சாவூர்)

நான் மருத்துவர் அல்லன். கல்லூரியில் உளவியல் கற்பிக்கிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் என்ன நடந்தது என்று புரிந்துகொண்டால் பயம் பெரும்பாலும் விலகிவிடும்.

உறக்கம் இரவு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று, இரவுக்கு நான்கைந்து சுற்று. சுற்றின் கடைசியில், மூடிய இமைக்குள் விழிகள் விரைந்து ஓடும் ஒரு கட்டம் வரும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும் 1953-இல் இதைப் பற்றி எழுதினார்கள். ரெம் உறக்கம் என்பது இதுதான். அந்த நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலோர் கனவு சொல்வார்கள். மூளையின் மின்னலைகள் விழித்திருப்பவருடையவை போலவே இருக்கும், ஆனால் உடம்போ ஈரத்துணிபோல் துவண்டு கிடக்கும். இந்த முரணைக் கண்டுதான் பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் ஜூவே இதற்கு முரண் உறக்கம் என்று பெயர் வைத்தார். பூனைகளின் மூளைத்தண்டில் ஒரு சிறு பகுதியை அவர் சிதைத்தபோது, அவை உறங்கியபடியே எழுந்து, இல்லாத இரையின் மீது பாய்ந்தன.

ஆகவே கனவு காணும்போதெல்லாம் மூளைத்தண்டு நம் தசைகளைப் பூட்டி வைக்கிறது. கனவில் ஓடினால் கால் ஓடிவிடாமல் இருப்பதற்காக. கண்ணை அசைக்கும் தசைகளும் மூச்சை இழுக்கும் உதரவிதானமும் மட்டும் அந்தப் பூட்டுக்கு வெளியே இருக்கின்றன.

உங்களுக்கு நடந்தது இதுதான்: அறிவு விழித்துவிட்டது, பூட்டு இன்னும் திறக்கவில்லை. கண் திறந்திருக்கிறது, ஓடு தெரிகிறது, மண்வெட்டி தெரிகிறது, கனவும் இன்னும் முழுதாக அணையாமல் அதே கொட்டகைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. விலா எலும்புகளுக்கிடையே உள்ள தசைகள் தளர்ந்திருப்பதால், நீங்கள் வேண்டுமென்று மூச்சை ஆழமாக இழுக்கும்போது நெஞ்சு விரிய மறுக்கிறது. அந்த மறுப்புதான் நெல் மூட்டை.

ஏன் ஐந்தாம் நாள் என்று கேட்டால், உறக்கத்தை இடையில் முறித்து முறித்துத் தூங்கினால் ரெம் கட்டம் தன் முறையை விட்டுவிட்டு, படுத்தவுடனேயே வந்து நிற்கும். ஜப்பானில் டகேயுச்சியும் உடன் ஆய்வாளர்களும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களை இடையில் எழுப்பி, சற்று நேரம் விழிக்க வைத்து, மறுபடி தூங்கவிட்டுத்தான் இந்த நிலையை ஆய்வுக்கூடத்திலேயே வரவழைத்தார்கள். உங்கள் முறைத் தண்ணீர் உங்களுக்குச் செய்ததும் அதேதான்.

மல்லாந்து படுப்பது இதற்கு இடம் கொடுக்கும், ஒருக்களித்துப் படுங்கள். வந்துவிட்டால் உடம்பு முழுவதையும் உலுக்கி எழப் பார்க்காதீர்கள். கால் சுண்டுவிரலையோ நாக்கு நுனியையோ மட்டும் அசைக்க முயலுங்கள். சில விநாடிகளில், அதிகம் போனால் சில நிமிடங்களில், தானே விட்டுவிடும். மூச்சு நிற்காது. இதை நம்புங்கள்.

வலங்கைமான்

ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் என் மனம் ஒப்பவில்லை. என் பாட்டி எனக்குச் சிறுவயதில் சொன்ன உருவமும், பிறகு நான் 20 வயதில் பார்த்த உருவமும், இந்தத் தம்பி இப்போது எழுதியதும் ஒன்றே. கறுப்பு, முகமில்லை, ஓரமாக நிற்கிறது, பிறகு நெஞ்சில் ஏறுகிறது. அவரவர் மூளைக்குள்ளிருந்து வருவதானால் ஆளுக்கொரு விதமாக அல்லவா இருக்க வேண்டும்? உள்ளது ஒன்று இருப்பதால்தானே எல்லோரும் அதையே பார்க்கிறார்கள்?

புதுஆறு

இந்தத் தலைப்பிலேயே ஆழமான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். தட்டிக்கழிக்க மாட்டேன்.

நீங்கள் சொல்வதைவிட ஒற்றுமை பெரிது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் மீனவ மக்கள் இதைக் கிழவி வந்து நெஞ்சில் உட்காருவதாகச் சொல்வார்கள். ஜப்பானியர் கனாஷிபாரி என்பார்கள், இரும்பால் கட்டிப்போட்டதுபோல் என்று பொருள். (நம் ஊரில் இரும்பு காக்கிறது, அங்கே இரும்பு கட்டுகிறது.) 2011-இல் ஷார்ப்லெஸ், பார்பர் என்ற இருவர் 35 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பொதுமக்களில் 7.6 சதவீதத்தினரும் மாணவர்களில் 28 சதவீதத்தினரும் வாழ்வில் ஒருமுறையாவது இதை அனுபவித்திருந்தார்கள்.

ஆனால் எல்லோரும் ஒன்றையே பார்ப்பதற்கு, எல்லோருக்கும் ஒரே உடம்பு என்பதே போதுமான காரணம். பூட்டு எல்லோருக்கும் ஒன்று, நெஞ்சு விரியாமை ஒன்று. ஆபத்தை மோப்பம் பிடிக்கும் மூளைப்பகுதி ரெம் உறக்கத்தில் எல்லோருக்கும் உச்சத்தில் இருக்கிறது. கட்டுண்டு கிடக்கிறோம் என்று தெரிந்த கணமே அது கட்டியவனைத் தேடுகிறது. அந்தத் தேடலே யாரோ நிற்கிறார் என்ற உணர்வு. முகம் பிறகுதான் வரும், வராமலும் போகும். கனடாவின் வாட்டர்லூவில் ஆலன் செய்ன் ஆயிரக்கணக்கானோரின் அனுபவங்களைத் தொகுத்துப் பிரித்தபோதும் யாரோ வந்து நிற்பது ஒரு வகையாகவும், நெஞ்சை அமுக்குவது ஒரு வகையாகவும், உடம்பு மிதப்பதும் பறப்பதும் மூன்றாவதாகவும் வந்தன.

உங்கள் பாட்டி பொய் சொல்லவில்லை. அவர் கண்டதை அப்படியே சொன்னார். அமுக்குவான் என்ற ஒற்றைச் சொல்லில் அந்த அனுபவத்தின் பெரும்பகுதி இருக்கிறது. வந்தவனின் முகத்தையோ ஊரையோ சொல்லாமல், அவன் செய்வதை மட்டும் சொல்லும் பெயர் அது.

மாயூரத்தான்

எனக்கு 74 வயது. தருமபுரம் ஆதீன மடத்தில் சித்தாந்த வகுப்புகள் கேட்டவன். ஒன்று சொல்ல அனுமதியுங்கள்.

எங்கள் சைவ சித்தாந்தத்தில் உயிருக்கு ஐந்து அவத்தைகள், அதாவது நிலைகள். சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம். நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என்று தமிழில் சொல்வோம். மாண்டூக்கிய உபநிடதம் சொல்லும் நான்கில் துரியம் மேலான நிலை. நாங்கள் கீழ்நோக்கி இறங்கும் கீழாலவத்தை என்று எண்ணும்போது துரியம் உறக்கத்துக்கும் கீழே. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒவ்வொரு படியிலும் எத்தனை கருவிகள் உயிரோடு நிற்கின்றன என்று கணக்கு உண்டு. நனவில் 35, கனவில் 25, உறக்கத்தில் 3, பிறகு 2, பிறகு 1. நனவிலிருந்து கனவுக்கு இறங்கும்போது விட்டுப்போகும் அந்தப் பத்து எவை தெரியுமா? கண், காது முதலிய ஞானேந்திரியம் ஐந்து. வாக்கு, கால், கை முதலிய கன்மேந்திரியம் ஐந்து. கனவில் கருமம் செய்யும் கருவி உயிரிடம் இல்லை என்று பெரியவர்கள் எண்ணி வைத்திருக்கிறார்கள்.

இந்தத் தம்பியின் பதிவைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஓட்டைப் பார்த்தார், தண்ணீர்ச் சத்தம் கேட்டார்: ஞானேந்திரியம் ஐந்தும் திரும்பிவிட்டன. கத்த வாக்கு இல்லை, தூக்கக் கை இல்லை: கன்மேந்திரியம் ஐந்தும் திரும்பவில்லை. இரண்டு படிகளுக்கு நடுவில் நின்றுவிட்டார், அவ்வளவுதான்.

புதுஆறு

ஐயா, வகுப்பில் இருபது ஆண்டுகளாக இதைக் கற்பிக்கிறேன், இவ்வளவு தெளிவாக நான் சொன்னதில்லை. சித்தாந்தத்தின் நோக்கம் உயிரின் விடுதலை, ஆய்வுக்கூடத்தின் நோக்கம் வேறு. அதனால் இரண்டும் ஒன்றேதான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அறிவது தனி, செய்வது தனி, இரண்டும் ஒரே நேரத்தில் விழிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை என்ற இடத்தில் இரண்டும் சந்திக்கின்றன.

சுழுத்தி பற்றி ஒரு கேள்வி. சுகமாக உறங்கினேன், ஒன்றும் அறியவில்லை என்று காலையில் சொல்கிறோமே, அந்த ஒன்றும் அறியாமையை அறிந்தது யார் என்று கேட்பார்கள் அல்லவா? ஆய்வாளர்களும் நெடுங்காலம் ரெம் தவிர்த்த உறக்கத்தில் மனம் காலி என்றே நினைத்தார்கள். 1962-இல் டேவிட் ஃபோல்க்ஸ் அந்தக் கட்டங்களிலும் ஆட்களை எழுப்பிக் கேட்டபோது, பலர் ஏதோ எண்ணிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். கனவு கண்டேன் என்பது உறுதி, என்ன கனவென்று தெரியவில்லை என்று சொல்பவர்களும் உண்டு. உறக்கத்தில் அறிவு இருக்கிறதா என்பது இன்னும் முடியாத வழக்கு.

அக்கரை (நாகப்பட்டினம்)

எனக்கு அமுக்குவான் இல்லை. எனக்குத் தண்ணீர்.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த அன்று எனக்கு 11 வயது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள், அவர்களில் என் தங்கை ஒருத்தி. கனவில் நான் அவள் கையைப் பிடித்திருப்பேன். பாவாடையின் ஈரம்கூடத் தெரியும். பிறகு கை வழுக்கும். கத்திக்கொண்டு எழுவேன். கஜா புயலுக்குப் பிறகு, 2018 நவம்பர் முதல், வாரத்தில் இரண்டு மூன்று முறை வரத் தொடங்கியது. பூட்டு, ரெம் என்று பேசுகிறீர்கள். இதற்கு ஏதாவது உண்டா?

அரசலாறு

உண்டு அம்மா. கனவை மாற்றி ஒத்திகை பார்க்கும் ஒரு முறை இருக்கிறது. பகலில், வெளிச்சத்தில், அந்தக் கனவை எழுதுங்கள், ஆனால் முடிவை நீங்கள் விரும்பியபடி மாற்றி எழுதுங்கள். எப்படி மாற்ற வேண்டும் என்று வேறு யாரும் சொல்லக் கூடாது. மாற்றிய கனவை நாள்தோறும் பத்து இருபது நிமிடங்கள் கண்ணை மூடி மனத்தில் ஓட்டிப் பாருங்கள். பாரி கிராகோவும் குழுவினரும் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் செய்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கெட்ட கனவுகள் குறைந்தன, உறக்கமும் தேறியது. உங்களுடையதுபோல் கனமான துயரத்தைத் தனியாகச் செய்யாமல் மனநல ஆலோசகர் ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

மாயூரத்தான்

மகளே, பூம்புகாரில் கண்ணகி தன் தீக்கனவைத் தேவந்தியிடம் சொன்னாள். சோமகுண்டம், சூரியகுண்டத்தில் நீராடச் சொன்ன பரிகாரத்தை அவள் ஏற்கவில்லை. ஆனாலும் சொன்னாள், கேட்க ஒருத்தி இருந்தாள். நீங்களும் சொல்லிவிட்டீர்கள். நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மதகடி (நீடாமங்கலம் அருகில்)

இரண்டு நாட்களாக இந்த இழையைப் படித்துவிட்டுப் பதறிப்போய் எழுதுகிறேன். என் அப்பா லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 66. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மதகுகளில் ஷட்டர் ஏற்றி இறக்கியவர். மூன்று ஆண்டுகளாக விடியற்காலையில் தூக்கத்தில் கத்துகிறார், குத்துகிறார், உதைக்கிறார். போன மாதம் அம்மாவின் கன்னத்தில் பட்டு வீங்கிவிட்டது. எழுப்பினால் உடனே தெளிந்துவிடுவார். என்ன கனவு என்று கேட்டால் எப்போதும் ஒன்றுதான்: வெள்ளம் வருகிறது, ஷட்டர் இறங்கவில்லை, காலால் உதைத்து இறக்குகிறேன் என்பார். பகலில் அவ்வளவு சாதுவான மனிதர்.

புதுஆறு ஐயா எழுதிய பூட்டு எனக்கு ஷட்டராகத்தான் தெரிகிறது. கடைமடைத் தம்பிக்கு ஷட்டர் ஏற வேண்டிய நேரத்தில் ஏறவில்லை. என் அப்பாவுக்கு இறங்க வேண்டிய நேரத்தில் இறங்கவில்லையோ? ஜூவேயின் பூனைகளைப் படித்ததும் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

புதுஆறு

அம்மா, நீங்கள் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். கனவை உடம்பால் நடிக்கும் இந்த நிலையை மனிதர்களிடம் கண்டு 1986-இல் எழுதியவர்கள் மினசோட்டாவின் கார்லோஸ் ஷெங்க், மார்க் மஹோவால்டு குழுவினர். பெரும்பாலும் 50 வயதைக் கடந்த ஆண்களிடம் காணப்படுவது. விடியற்காலையில் வருவதற்கும் காரணம் உண்டு: இரவு செல்லச் செல்ல ரெம் கட்டங்கள் நீளும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நாம் சொல்வதும் இதனால்தான் இருக்க வேண்டும். அந்தக் கனவிலிருந்து நேராக விழிக்கிறோம், அதனால் அதுதான் நினைவில் தங்குகிறது.

அமுக்குவானை விட்டுவிடலாம். இதை விடக் கூடாது. நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், இந்த மாதமே. அப்பாவுக்கு வாசனை தெரிகிறதா? மலச்சிக்கல் உண்டா? மனச்சோர்வுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா? சில மாத்திரைகளும் இப்படிச் செய்யும்.

மதகடி

மாத்திரை எதுவும் இல்லை. மலச்சிக்கல் பல ஆண்டுகளாக உண்டு. வாசனை என்று கேட்டதும் நினைவுக்கு வருகிறது. போன பொங்கலுக்குப் பால் அடிப்பிடித்துத் தெருவே நாறியது, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருக்குத் தெரியவில்லை. ஏன் கேட்கிறீர்கள்?

புதுஆறு

மறைக்காமல் சொல்கிறேன். இந்த உறக்கக் கோளாறு உள்ளவர்களில் பலருக்கு, சில ஆண்டுகள் கழித்து, பார்க்கின்சன் நோயோ அதைச் சார்ந்த வேறொன்றோ வருகிறது. 2019-இல் ரொனால்டு போஸ்டுமாவும் பல நாட்டு ஆய்வாளர்களும் 1,280 பேரைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வில் ஆண்டுக்குச் சுமார் 6 சதவீதத்தினருக்கு வந்தது. வாசனை குறைவதும் மலச்சிக்கலும் முன்னரே தோன்றக்கூடிய அடையாளங்கள்.

அரசலாறு

ஐயா, இதை இப்படிப் பொதுவில் போட்டு உடைக்க வேண்டுமா? பரிசோதனையே ஆகவில்லை. மலச்சிக்கல் இல்லாத 66 வயதுக்காரர் யார்? தூக்கத்தில் மூச்சு அடைத்து அடைத்து விடும் நோயிலும் இப்படிக் கைகால் வீசுவார்கள். இரவு முழுக்க மின்கம்பிகள் பொருத்தி உறக்கத்தைப் பதிவு செய்து பார்த்தால்தான் எது என்று உறுதியாகும்.

அம்மா, மருத்துவரிடம் போவதற்கு முன் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். அப்பாவைத் தரையில் மெத்தை போட்டுப் படுக்க வையுங்கள். பக்கத்தில் குத்துவிளக்கு, கண்ணாடி, சொம்பு எதுவும் வேண்டாம். உங்கள் அம்மா சில நாட்களுக்குத் தனிப் பாயில் படுக்கட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கைபேசியில் ஓர் இரவு படம் எடுங்கள். மருத்துவருக்கு அதைவிட உதவுவது வேறில்லை. மெலடோனின், குளோனசெபம் போன்ற மருந்துகள் இருக்கின்றன, நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

புதுஆறு

நீங்கள் சொல்வது நியாயம். பரிசோதனைக்கு முன் அந்த எண்ணிக்கையை நான் எழுதியிருக்க வேண்டாம். மதகடி அம்மா, மன்னியுங்கள்.

மதகடி

இல்லை ஐயா, எழுதியது நல்லதுதான். வயதானால் அப்படித்தான் என்று மூன்று ஆண்டுகளாக எங்களை நாங்களே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தோம்.

கொள்ளிடம்

கல்லூரி மாணவன். கனவில் இருக்கும்போதே இது கனவு என்று எனக்குச் சில நேரம் தெரிகிறது. இதுவும் நோயா?

புதுஆறு

இல்லை தம்பி. ரெம் உறக்கத்தில் கண் தசைகள் பூட்டப்படுவதில்லை என்றேன் அல்லவா? அதையே பயன்படுத்தி, 1975-இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் கீத் ஹெர்ன் என்பவர், கனவுக்குள் இருந்த ஒருவரை முன்பே பேசி வைத்தபடி விழிகளை இடமும் வலமும் ஓட்டி அடையாளம் காட்ட வைத்தார். உறங்கும் மனிதர் உள்ளேயிருந்து அனுப்பிய செய்தி அது. இதற்காக உறக்கத்தை அரைகுறையாக முறிக்கும் பயிற்சிகளை மட்டும் செய்யாதீர்கள். அமுக்குவானும் அந்த வழியாகத்தான் வருவான்.

கடைமடை

நேற்று மறுபடி வந்தது. வீட்டில்தான், கயிற்றுக் கட்டிலில். ஒருக்களித்துத்தான் படுத்தேன், தூக்கத்தில் புரண்டு மல்லாந்திருக்கிறேன். உருவம் இந்த முறை நிலைப்படியில் நின்றது. பயம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஞானேந்திரியம் வந்துவிட்டது, கன்மேந்திரியம் வந்துகொண்டிருக்கிறது என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். இடது கால் சுண்டுவிரலை மட்டும் நினைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கட்டில் கயிறு விரலில் உறுத்துவது தெரிந்தது. அதோடு எல்லாம் விட்டது.

அம்மாவை எழுப்பி எல்லாவற்றையும் சொன்னேன். மாயூரத்து ஐயா எழுதியதை வாசித்துக் காட்டியபோது, அப்படியானால் எனக்கும் உன் அண்ணன் பிறந்த புதிதில் வந்தது இதுதானா என்றார்கள். பச்சைப்பிள்ளைக்குப் பால் கொடுக்க இரவெல்லாம் எழுந்திருந்த நாட்களாம். அப்பாவிடம்கூடச் சொன்னதில்லையாம். அரிவாள் இருக்கட்டும் என்கிறார்கள். இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். உறை மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.

அடுத்த முறைத் தண்ணீருக்குச் சித்தப்பா மகனும் நானும் ஓர் இரவு விட்டு ஓர் இரவு போவதாகப் பேசிவிட்டோம்.

மதகடி

நேற்று விடியற்காலை 4.20-க்குப் படம் எடுத்துவிட்டேன். இரண்டு கையாலும் ஷட்டர் சக்கரத்தைச் சுற்றுவதுபோல் சுற்றுகிறார், பிறகு உதை. பார்க்க முடியவில்லை, ஆனால் முழுதாக எடுத்தேன். காலையில் அப்பாவிடமே காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அம்மாவின் கன்னத்தைத் திருப்பிப் பார்த்தார். இது நான் செய்ததா என்று கேட்டார். சுவரில் இடித்துக்கொண்டதாக அம்மா அவரிடம் சொல்லியிருந்தாராம்.

வியாழக்கிழமை தஞ்சாவூரில் மருத்துவரைப் பார்க்கிறோம். அப்பா தானாகவே மெத்தையை இழுத்துத் தரையில் போட்டுக்கொண்டார்.